எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி: தனிக்கட்டுரையா, பருவக் கட்டுரையில் ஒரு பத்தியா?

வாவிக்கரை:

அன்பர்களுக்கு வணக்கம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறிய சூறாவளியைப் பற்றி நான் எழுதிய வரைவு மூன்று கிழமைகளாகப் பரிசீலனையில் இருக்கிறது. தனிக்கட்டுரை தேவையில்லை, 1978 ஆம் ஆண்டின் வட இந்தியப் பெருங்கடல் சூறாவளிப் பருவம் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம் என்று காற்றழுத்தமானி என்ற பயனர் அதன் மேல் ஒரு குறிப்பை இட்டிருக்கிறார். நமது இணையக் கலைக்களஞ்சியத்தின் வானிலைக் கட்டுரைகளில் பெரும்பகுதியை ஒழுங்குபடுத்தியவர் அவர். ஆகவே அந்தக் குறிப்பை நானாக நீக்காமல், எல்லாரும் பார்க்கும் இடத்தில் பேசி முடிவெடுக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வரைவில் உள்ள முக்கிய செய்திகள் இவை. நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் வலுத்து, 23 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அண்மையில் கரையேறியது. உச்ச நிலையில் காற்றின் வேகம் மணிக்கு 220 கிலோமீற்றர் அளவில் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இறந்தோர் தொகையாக 915 என்ற எண் பரவலாக எடுத்தாளப்படுகிறது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 250,000 கட்டடங்கள் சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது இல்லாமற்போயின. மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒரு பங்கும் அழிந்தது. அதன் பிறகு அது தீவைக் குறுக்கே கடந்து, தமிழ்நாட்டின் தென்கரையையும் தொட்டது.

இதை எழுத என்னைத் தூண்டியது என் மகள் கேட்ட ஒரு கேள்வி. 2025 நவம்பரில் தித்வா சூறாவளி வந்தபோது, “அம்மம்மா சொல்லும் சூறாவளி இதைவிடப் பெரியதா?” என்று கேட்டாள். அவள் தேடிப் பார்த்தாள். தமிழில் ஒழுங்காக வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நான் நூலகத்தில் வேலை செய்பவள். ஒரு பிள்ளையின் கேள்விக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு பக்கமும் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

காற்றழுத்தமானி:

வாவிக்கரை அக்காவுக்கு வணக்கம். குறிப்பை இட்டதற்கான காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை. முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் கல்முனையைச் சேர்ந்தவன். அன்றிரவு எங்கள் வீட்டின் கூரைத் தகரங்கள் பறந்ததையும், என் தாயார் கைக்குழந்தையாக இருந்த அண்ணனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரைச் சுவரோடு குந்தியிருந்ததையும் கேட்டு வளர்ந்தவன். ஆகவே அந்தச் சூறாவளி முக்கியமற்றது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம்.

என் தயக்கம் வேறு. நமது விதி ஒரு நிகழ்வு எவ்வளவு பெரியது என்று கேட்பதில்லை. அதைப் பற்றி ஒன்றையொன்று சாராத நம்பகமான மூலங்கள் எவ்வளவு விரிவாக எழுதியிருக்கின்றன என்றே கேட்கிறது. வரைவில் பதினான்கு மேற்கோள்கள் உள்ளன. நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். அவற்றில் ஒன்பது, ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இணையத்தில் வரும் நினைவுக் குறிப்புகள். அந்த ஒன்பதிலும் அதே 915, அதே 220, அதே தென்னை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து, அவரிடமிருந்து மற்றவர் எடுத்து வந்திருக்கிறார்கள். ஒன்பது மேற்கோள் போலத் தோன்றுவது உண்மையில் ஒரே மேற்கோள்தான்.

இரண்டாவது, சமநிலை. இதே கடலில் அதற்கு முந்திய ஆண்டு, 1977 நவம்பரில், ஆந்திரக் கரையைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 1970 இல் போலா புயலில் கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமற்போனது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. இவற்றுக்கெல்லாம் தனிக்கட்டுரைகள் உண்டு. அவை ஒவ்வொன்றைப் பற்றியும் நூல்களும் விசாரணை அறிக்கைகளும் ஆய்வுகளும் உள்ளன. நம்முடையதற்கு என்ன இருக்கிறது என்று காட்டினால் நான் குறிப்பை எடுத்துவிடுகிறேன்.

பருவக் கட்டுரையில் சேர்ப்பது புதைப்பது ஆகாது. வழிமாற்று ஒன்றை வைத்தால், தேடுபவர் நேரே அந்தப் பத்தியில் வந்து நிற்பார். அரைப்பக்கத் தனிக்கட்டுரை ஒன்றைத் தொடங்கிவிட்டுப் பத்து ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடப்பதைவிட அது மேல்.

வாவிக்கரை:

ஒன்பது மேற்கோள்கள் பற்றி நீங்கள் சொன்னது சரி, தம்பி. நான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவற்றில் ஏழு மேற்கோள்களை இன்றே எடுத்துவிடுகிறேன்.

படுவான்கரை ஆசிரியர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் களஞ்சியத்தில் அதிகம் எழுதியவனல்லன். மண்டூர், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் புவியியல் படிப்பித்தவன். சூறாவளி அடித்தபோது எனக்குப் பதினேழு வயது.

ஒரு நிகழ்வின் முக்கியத்துவத்தை இறந்தோர் தொகையை வைத்து மட்டும் அளக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு மூதாட்டியிடம் அவருடைய மகனின் வயதைக் கேட்டால், “சூறாவளி அடிச்ச வருசம் அவன் தவழ்ந்தவன்” என்பார். கலியாணம், காணி வாங்கியது, கிணறு வெட்டியது எல்லாவற்றுக்கும் அதுதான் ஆண்டுக்கணக்கு. சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி என்று காலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பிறகு கடலோரமான எழுவான்கரையில் அந்த இடத்தைக் கடல்கோள் எடுத்துக்கொண்டது. கடல் வராத படுவான்கரையில் இன்றும் சூறாவளிதான்.

காணி விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் பழைய காணி உறுதிப் பத்திரங்களில் எல்லை என்பது பல இடங்களில் ஒரு மரம்: கிழக்கே நாவல், வடக்கே இலுப்பை என்று எழுதியிருப்பார்கள். ஒரே இரவில் அந்த மரங்கள் வேரோடு விழுந்துவிட்டன. அதன் பிறகு எத்தனை குடும்பங்கள் எல்லைக்காக வழக்குப் பேசின என்று எனக்குத் தெரியும். என் சொந்தக் குடும்பமும் அதில் ஒன்று. தென்னையும் அப்படித்தான். நெட்டைத் தென்னை காய்க்க ஆறு, ஏழு வருடம் வேண்டும். விழுந்த தோப்பில் அடுத்த மாரியிலேயே பிள்ளை நட்டவருக்கும் எண்பதுகளின் நடுப்பகுதி வரையில் ஒரு குரும்பை இல்லை. தேங்காய் மட்டுமா? ஓலை இல்லை, ஓலை இல்லாததால் கிடுகு இல்லை, கிடுகு இல்லாததால் கூரை இல்லை. கிராமங்கள் தகரத்துக்கு மாறிய கதையின் ஒரு பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருபது வருடங்களாக நான் ஊர் ஊராகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நான் கேட்டது ஒரே கேள்வி: காற்று முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பிறகு எந்தப் பக்கம் திரும்பியது? நமது பக்கத்துச் சூறாவளிகளில் காற்று மையத்தைச் சுற்றி மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுழலும். மையம் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது, அது நேரே தலைக்கு மேலால் போன ஊரில் முதலில் வடக்கிலிருந்து வாடை அடிக்கும். பிறகு ஓர் ஓய்வு வரும். அதன் பிறகு எதிர்ப்பக்கமான தெற்கிலிருந்து இன்னும் மூர்க்கமாகத் திரும்பி அடிக்கும். மையத்துக்கு வடக்கே இருந்த ஊர்களில் காற்று வாடையிலிருந்து கிழக்குக் காற்றான கொண்டலாகி, கடலையும் தூக்கிக்கொண்டு வரும். தெற்கே இருந்த ஊர்களில் அது மேற்குக் காற்றான கச்சானாக மாறி, நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். அறுபத்திரண்டு ஊர்களில் முதியவர்கள் சொன்னதை நான் வரைபடத்தில் குறித்திருக்கிறேன். ஓய்வு வந்தது என்று சொன்ன ஊர்கள் ஒரு பட்டி போல வரிசையாக விழுகின்றன. படிப்பில்லாத ஒரு கரைவலைக்காரர், காற்று எந்த நேரத்தில் வாடையிலிருந்து திரும்பியது என்பதை என்னிடம் சொன்ன விதம், வானிலை நிலையத்துக் கருவி சொல்லும் அளவுக்கு நுணுக்கமானது. இதை வரைவில் சேர்க்க முடியுமா?

காற்றழுத்தமானி:

சேர், உங்கள் பதிவை நான் மூன்று முறை வாசித்தேன். காற்றுத் திசையை வைத்து மையத்தின் பாதையை மீட்டெடுப்பது முறையான வழி. கருவிகள் இல்லாத காலத்துச் சூறாவளிகளின் பாதைகளை ஆய்வாளர்கள் கப்பற் குறிப்பேடுகளிலிருந்து அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். எனினும் களஞ்சியத்தில் அதைச் சேர்க்க நான் உடன்பட முடியாது. அது உங்கள் சொந்த ஆய்வு. எங்கேயும் வெளியாகாதது. வாசகர் ஒருவர் அதைச் சரிபார்க்க விரும்பினால் அவர் உங்கள் வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்க்க வேண்டும். நல்ல ஆய்வுக்கு இடம் கொடுத்தால் நாளை தவறான ஆய்வுக்கும் அதே கதவைத் திறக்க வேண்டிவரும். இரண்டையும் பிரித்தறியும் தகுதி நமக்கு இல்லை, அதனால்தான் இந்த விதி இருக்கிறது.

ஆனால் அந்தக் கொப்பி இப்படியே இருக்கக் கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பவர்கள் யாரேனும் உங்களோடு சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டால், அடுத்த நாளே அதை மேற்கோளாகக் காட்டி நானே இங்கே எழுதுவேன்.

படுவான்கரை ஆசிரியர்:

விளங்குகிறது, தம்பி. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். சொன்னவர்களில் அரைவாசிப் பேர் இப்போது இல்லை. ஆனாலும் விதியின் நியாயம் விளங்குகிறது.

தூணும் வளையும்:

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். கட்டடப் பொறியியலாளராக இருக்கிறேன். இந்த இழையைப் பிந்தித்தான் கண்டேன். தம்பி காற்றழுத்தமானி ‘நம்முடையதற்கு என்ன இருக்கிறது’ என்று கேட்டிருந்தார். நான் தொழிலில் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

1978 சூறாவளிக்குப் பிறகு, உயர் காற்றுகளைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதற்கென்று ஒரு கையேட்டை 1980 இல் அரசாங்கம் வெளியிட்டது. வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சின் வெளியீடு அது. இலங்கை முழுவதையும் மூன்று காற்று வலயங்களாக முதலில் பிரித்தது அந்தக் கையேடுதான். கிழக்குக் கரை முதலாம் வலயத்தில் வருகிறது. அங்கே சாதாரணக் கட்டடம் ஒன்றுக்கு அடிப்படைக் காற்று வேகமாகச் செக்கனுக்கு 49 மீற்றரை எடுக்க வேண்டும். கொழும்பு அமைந்துள்ள மூன்றாம் வலயத்தில் 33 மீற்றர் போதும். காற்றின் சுமை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், இந்த இரண்டு எண்களுக்கும் இடையே சுமையில் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அனர்த்தத்துக்குப் பின்னும் இயங்க வேண்டிய வைத்தியசாலை போன்றவற்றுக்கு இன்னும் கூடிய வேகம் சொல்லப்பட்டுள்ளது. அதன் பிறகு வந்த பொறியியல் ஆய்வுக்கட்டுரைகள் பல அந்த வலய வரைபடத்தைத்தான் தொடக்கமாக வைத்துப் பேசுகின்றன, சில அதைத் திருத்த வேண்டும் என்கின்றன. எப்படியிருந்தாலும் எல்லாமே 1978 ஐக் குறிப்பிடுகின்றன.

அன்றைய வீடுகள் ஏன் போயின என்பதையும் ஒரு வரியில் சொல்வது நல்லது. காற்று தள்ளித்தான் வீடு விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கூரையைப் பொறுத்தவரை காற்று அதைத் தள்ளுவதைவிட மேலே உறிஞ்சுவதே அதிகம். முகட்டுக்கு மேலால் காற்று விரைந்து போகும்போது மேற்பக்கத்தில் அழுக்கம் குறைகிறது. அந்த நேரத்தில் காற்றுப் பக்கத்துக் கதவோ யன்னலோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தூக்குகிறது. கூரை போனதும் சுவருக்கு மேல்பிடி இல்லை, சுவர் சரிகிறது. ஆகவே கூரை மரங்களைச் சுவரின் மேலுள்ள கொங்கிறீற்று வளையோடும், அந்த வளையைத் தூணோடும், தூணை அத்திவாரத்தோடும் இரும்பால் கட்ட வேண்டும். கூரையிலிருந்து நிலம் வரையில் ஒரே சங்கிலி. இன்று கிழக்கில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தால் அந்தச் சங்கிலியின் கணக்குக்குப் பின்னால் எழுபத்தெட்டு நிற்கிறது.

ஒரு நாட்டின் கட்டட நடைமுறையை மாற்றிய சூறாவளி இது. பருவக் கட்டுரையின் ஒரு பத்திக்குள் நான் சொன்னதை எங்கே வைப்பீர்கள்?

காற்றழுத்தமானி:

இது எனக்குத் தெரியாது. வானிலைப் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன். பொறியியற் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நிகழ்ந்து முடிந்த பிறகும் நீடிக்கும் விளைவு, அதுவும் நினைவுக் குறிப்புகளைச் சாராத, தொழில்சார் எழுத்தில் பதிவான விளைவு என்பது நமது விதியின் நடுப்புள்ளிக்கே வருகிறது. அந்தக் கட்டுரைகளில் இரண்டு, மூன்றின் விவரத்தை வரைவின் பேச்சுப் பக்கத்தில் இடுவீர்களா? சரிபார்த்துவிட்டு என் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்கிறேன்.

காத்தான்குடி வாசகன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தனிக்கட்டுரை வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் தலைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

வரைவின் தலைப்பு ‘மட்டக்களப்புச் சூறாவளி’ என்று இருக்கிறது. 1961 க்கு முன் என்றால் அது பொருந்தியிருக்கும். அதுவரை அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1978 இல் இரண்டும் வெவ்வேறு மாவட்டங்கள். கல்முனையும் அங்குள்ள கரையோர ஊர்களும் அம்பாறை மாவட்டத்தில், அவையும் அடிபட்டன. உள்நாட்டில் பொலன்னறுவைப் பக்கமும் சேதம் இருந்தது. ஒரு மாவட்டத்தின் பெயரை வைத்தால் மற்றவர்கள் தங்களை அந்தக் கட்டுரையில் தேட மாட்டார்கள். நான் கல்முனையில் பெண் எடுத்தவன். என் மாமியார் அதை ‘எங்கட சூறாவளி’ என்றுதான் சொல்வார்.

இது பெயரில்லாத சூறாவளி என்பதும் ஒரு காரணம். வட இந்தியப் பெருங்கடலில் சூறாவளிகளுக்குப் பெயர் சூட்டுவது 2004 இல்தான் தொடங்கியது. முதலில் பெயர் பெற்றது ஒனில். அத்திலாந்திக்கில் கத்ரீனா என்றால் உலகத்துக்கே தெரிகிறது. அங்கே பேரழிவு செய்த பெயரை அடுத்த பட்டியலிலிருந்து எடுத்தும் விடுகிறார்கள், ஆகவே எது முக்கியமானது என்பதற்கு ஓர் அடையாளமாவது இருக்கிறது. நமக்கு அது இல்லை. 2020 இல் திருகோணமலைக் கரையில் ஏறிய புரெவிக்கு நமது களஞ்சியத்தில் நீண்ட கட்டுரை உண்டு. எழுபத்தெட்டோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் புரெவி செய்த சேதம் மிகச் சிறியது. பெயர் இருந்தது, இணையம் இருந்தது, மணிக்கு மணி செய்தி வந்தது. கட்டுரை தானாக வளர்ந்தது. பெயரில்லாமல், இணையம் இல்லாத காலத்தில் வந்தது என்பதற்காக ஒன்று சுருங்கிப் போகக் கூடாது.

‘1978 கிழக்கிலங்கைச் சூறாவளி’ என்ற தலைப்பை முன்மொழிகிறேன்.

வாவிக்கரை:

நானா, தலைப்பை ஏற்கிறேன். மட்டக்களப்புச் சூறாவளி என்பது வழிமாற்றாக இருக்கட்டும். என் தாயார் தேடினால் அந்தச் சொல்லைத்தான் போடுவார்.

புரெவி பற்றி நீங்கள் சொன்னதைத் தொடர்ந்து, மூலங்களின் பற்றாக்குறை பற்றி ஒரு நூலகராகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இணையத்தில் கிடைக்கவில்லை என்பதை எழுதப்படவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 1978 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீரகேசரியும் தினகரனும் நாள்தோறும் வெளிவந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடு வந்துகொண்டிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் முப்பது ஆண்டு யுத்தம். இடம்பெயர்ந்தவர் எவர் பழைய பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவார்? எஞ்சியதில் ஒரு பங்கு 2004 இல் கடலோடு போனது. மட்டக்களப்பில் அன்று பல்கலைக்கழகம்கூட இல்லை. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதே 1981 இல்தான். பேரழிவை ஆராய்ந்து எழுதும் நிறுவனம் ஊரில் இல்லாத காலத்தில் வந்த பேரழிவு இது.

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. தம்பி கேட்கும் மூலங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அச்சு வடிவில் இருக்க வேண்டியவை. அச்சுப் பத்திரிகையும் மேற்கோள்தான். இணைப்பு இல்லாத மேற்கோளும் மேற்கோள்தான். நாம் அங்கே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

காற்றழுத்தமானி:

அதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், அக்கா. இணைப்பைச் சொடுக்கிப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பொறியியலாளர் ஐயா இட்ட மூன்று கட்டுரைகளையும் வாசித்தேன். ஒன்றில் சூறாவளியைப் பற்றி இரண்டு பக்கங்களுக்கு மேல் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றிணைக்கும் குறிப்பை எடுத்துவிட்டேன்.

சம்மாந்துறை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் புதியவள், பிழையாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரைவின் ‘பின்விளைவுகள்’ பகுதியில், சூறாவளி நிவாரணத் தேவையின் காரணமாகவே மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் செ. இராசதுரை 1979 இல் ஆளுங்கட்சிக்கு மாறினார் என்று ஒரு வாக்கியம் உள்ளது. அவர் தமிழர் விடுதலைக் கூட்டணியிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்து அமைச்சரானது வரலாறு. ஆனால் ‘காரணமாகவே’ என்பதற்கு மேற்கோள் இல்லை. கட்சிக்குள் அவருக்கிருந்த முரண்பாடுகளையும் பலர் பேசுவார்கள். ஒருவரின் மனத்தில் எது காரணம் என்று களஞ்சியம் சொல்லலாமா?

வாவிக்கரை:

சொல்லக் கூடாது, தங்கச்சி. நன்றாகக் கண்டுபிடித்தீர்கள். அது எங்கள் வீட்டில் பேசிப் பேசிக் காதில் ஊறிய வாக்கியம். மூலமிருப்பதாகவே எண்ணி எழுதிவிட்டேன். எடுத்துவிட்டேன். தகுந்த நூலில் யாரேனும் அந்தத் தொடர்பை ஆராய்ந்திருந்தால், ‘இன்னார் இவ்வாறு கருதுகிறார்’ என்று பிறகு சேர்க்கலாம்.

தூணும் வளையும்:

915 என்ற எண்ணைப் பற்றியும் அதே கவனம் வேண்டும். அதை ‘இறந்தோர் 915’ என்று தீர்ப்புப் போல எழுதாமல், ‘915 பேர் இறந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது’ என்று வைப்பது நல்லது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், வாவியில் காணாமற்போனவர்கள் எல்லாரும் அன்றே மரணப் பதிவில் ஏறியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நெறியாளர்:

ஒன்பது நாட்களாக நடந்த இந்த விவாதத்தை முழுவதும் வாசித்தேன். ஒன்றிணைக்க வேண்டும் என்ற முன்மொழிவை அதை முன்வைத்தவரே மீட்டுக்கொண்டதாலும், சூறாவளியின் நீடித்த விளைவு பற்றி ஒன்றையொன்று சாராத தொழில்சார் மூலங்கள் காட்டப்பட்டுள்ளதாலும், கட்டுரை தனியாக நிலைபெறுகிறது. தலைப்பு ‘1978 கிழக்கிலங்கைச் சூறாவளி’. நினைவுக் குறிப்புகளிலிருந்து மட்டும் எடுக்கப்பட்ட எண்கள் ஒவ்வொன்றுக்கும் மேலே ‘மேலதிக மூலம் தேவை’ என்ற அடையாளம் இருக்கும். அதை மூலம் கிடைக்கும் வரை யாரும் நீக்க வேண்டாம். பருவக் கட்டுரையில் மூன்று வரிச் சுருக்கமும் இணைப்பும் இருக்கட்டும். இழையைப் பூட்டவில்லை, கட்டுரை வேலை தொடர்பான பதிவுகளை இங்கேயே இடலாம்.

சம்மாந்துறை மாணவி:

நான் கொழும்பில் படிக்கிறேன். அடுத்த மாத விடுமுறையில் சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், நவம்பர் 24 முதல் டிசம்பர் இறுதி வரையான தமிழ்ப் பத்திரிகைகளைக் கேட்டுப் பார்க்கிறேன். எந்தப் பக்கங்களைப் படியெடுக்க வேண்டும் என்று வாவிக்கரை அக்கா ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும். ஆசிரியர் ஐயாவின் கொப்பியைத் தட்டச்சுச் செய்யவும் நான் ஆயத்தம். களஞ்சியத்துக்காக அல்ல, வெளியீட்டுக்காக.

படுவான்கரை ஆசிரியர்:

பிள்ளை, கொப்பி மூன்று இருக்கிறது. இரண்டாவது கொப்பி மழையில் நனைந்து சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நான் பிரித்து வாசித்துச் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு எந்த நாளும் வரலாம்.

வாவிக்கரை:

பட்டியலை இன்றிரவு அனுப்புகிறேன். முதலில் மரணச் செய்திகளையும் அரசாங்க அதிபரின் அறிவித்தல்களையும் பாருங்கள். மாவட்டச் செயலகமான கச்சேரி அன்று மட்டக்களப்புக் கோட்டைக்குள் இயங்கியது, அங்கிருந்து வந்த எண்கள் பத்திரிகையில் நாளுக்கு நாள் எப்படி மாறின என்பது நமக்கு மிகவும் தேவை. தலைப்புப் பத்தியையும் திருத்திவிட்டேன். இதோ:

“1978 கிழக்கிலங்கைச் சூறாவளி என்பது 1978 நவம்பர் 23 வெள்ளிக்கிழமை இலங்கையின் கிழக்குக் கரையை மட்டக்களப்புக்கு அண்மையில் தாக்கிய, பெயரிடப்படாத சூறாவளியாகும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் உள்நாட்டில் பொலன்னறுவை வரையிலும் இது பெருஞ்சேதத்தை விளைவித்தது. இதன் விளைவாக, உயர் காற்றுகளைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான கையேடு 1980 இல் வெளியிடப்பட்டு, நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது.”

காத்தான்குடி வாசகன்:

தங்கச்சி, ஒரு திருத்தம். 23 ஆம் திகதி வியாழக்கிழமை. வாப்பா சொல்வார்: இரவு முழுக்க அடித்து ஓய்ந்த பிறகு, அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் போனவர்கள் கூரையில்லாத பள்ளிவாசலில், ஈரத் தரையில், வானத்தைப் பார்த்துக்கொண்டு தொழுதார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் வெள்ளிக்கிழமையைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பலர் திகதியைப் பிழையாகச் சொல்கிறார்கள். நாட்காட்டியையும் பார்த்துவிட்டேன்.

வாவிக்கரை:

திருத்திவிட்டேன், நானா. வியாழக்கிழமை.